பெரியப்பாவின் சிகிச்சைச் செலவை மகன்களிடம் சட்டப்படி கேட்க முடியுமா?

வணக்கம். மகன்கள் இருவரும் டயாலிசிஸ் செலவுக்குப் பணம் தர மறுப்பதாகவும், நடமாட இயலாத பெரியப்பாவுக்காக யார் மனு அளிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பராமரிப்பு என்பதில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவச் சிகிச்சையையும் சேர்த்திருப்பதால், அவர் எழுத்தில் அதிகாரமளித்தால் நீங்களே கோட்ட அளவிலான பராமரிப்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தமிழ்நாட்டில் வருவாய் கோட்டாட்சியர் அதற்குத் தலைமை வகிக்கிறார். மருத்துவ ரசீதுகளை இணைத்து, வழக்கு முடியும்வரை தரவேண்டிய இடைக்காலத் தொகையையும் அம்மனுவிலேயே கேளுங்கள். பலர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். பராமரிப்புத் தொகைக்கு இச்சட்டம் வைத்துள்ள மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இத்தகைய நோய்க்குப் போதாது என்பதே என் கருத்து. ஆகவே, அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசையும் இயன்றவரை படுக்கையும் வேண்டும் எனச் சொல்லும் இதே சட்டத்தின் 20ஆம் பிரிவைக் காட்டி, அங்கும் சிகிச்சை கோருங்கள்.