பெல்ட் தளர்ந்ததா, கார் அமுங்கியதா?

கேள்வி: ஓடாமல் நிற்கும் என் காரை டிரெய்லரில் ஏற்றி, நான்கு மூலைக்கும் கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் போட்டு, கொக்கிகளை சேஸிஸில் மாட்டி, கை வலிக்க இறுக்கினேன். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் பின்பக்க பெல்ட் இரண்டும் தொங்குகின்றன. பெல்ட் மட்டமான சரக்கா? இன்னும் கனமாக வாங்கவா?

பதில்: பெல்ட்டைத் திட்டாதீர்கள். நீங்கள் கட்டியது காரின் உடம்பை. அது ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் டிரெய்லர் இறங்கி ஏறும்போது கார் ஒரு அமுக்கு அமுங்கும். அந்த நொடியில் பெல்ட் தொளதொளவென்று ஆகிறது, கொக்கி கழலவும் செய்யலாம். மறு நொடி கார் எழும்பும்போது பெல்ட்டைச் சுண்டி இழுக்கிறது. இதற்கு எவ்வளவு தடித்த பெல்ட் வாங்கினாலும் கதை ஒன்றுதான்.

சக்கரத்தைக் கட்டுங்கள். இதற்கென்றே வீல் பெல்ட் கிடைக்கிறது. டயரின் மேல் வழுக்காமல் பிடிக்க ரப்பர் துண்டுகள் கோத்திருக்கும். டயருக்கு முன்னும் பின்னும் தளத்தில் மாட்டி இறுக்கினால் சக்கரம் தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலே உடம்பு வழக்கம்போல ஆடிக்கொள்ளட்டும், பெல்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. இறுக்கும் முன் பெல்ட் பிரேக் ஹோஸில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். வீல் பெல்ட் கிடைக்காமல் சேஸிஸில்தான் கட்டியாக வேண்டும் என்றால், ஸ்பிரிங் ஓரளவு அமுங்கும்வரை இறுக்குங்கள். முன் பெல்ட் முன்னோக்கியும் பின் பெல்ட் பின்னோக்கியும் இழுக்க வேண்டும். ஸ்டீயரிங் ராட், பம்பர் பக்கம் கொக்கியைக் கொண்டு போகவே வேண்டாம். பம்பரில் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ராட்செட்டிலும் ஒரு விஷயம் இருக்கிறது. முதலில் தொங்கலைக் கையால் இழுத்து எடுத்துவிட்டு, பிறகு கைப்பிடியை ஆட்டுங்கள். உருளையில் இரண்டு மூன்று சுற்றாவது விழ வேண்டும், அப்போதுதான் நழுவாது. தொங்கலோடு ஆரம்பித்தால் பெல்ட் மூட்டையாகச் சுருண்டு சிக்கிக்கொள்ளும். அப்புறம் கழற்றும்போது கத்திதான் கதி.

பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் அறுபடும் எடை பெரிதாக அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறாமல், வேலை எடையை, அதாவது பெல்ட் பத்திரமாகத் தாங்கும் எடையைப் பாருங்கள். அது பெரும்பாலும் அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். லேபிளே இல்லாத பெல்ட், ஓரம் கிழிந்தது, முடிச்சுப் போட்டது எதுவும் வேண்டாம். வெயிலில் கிடந்து வெளுத்துப்போனதும் அப்படித்தான்.

ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. வின்ச் கம்பியை மட்டும் கட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஏற்றுவதற்கு மட்டும்தான். கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டி, பெல்ட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். புதிதாகக் கட்டிய எதுவும் கொஞ்சம் உட்காரும். அப்புறம் டீ குடிக்க நிறுத்தும் போதெல்லாம் ஒருமுறை.

கேள்வி: வேகம் கூட்டினால் டிரெய்லர் வாலை ஆட்டுகிறது. காற்றா, டயரா?

பதில்: இரண்டையும் பாருங்கள். ஆனால் என் சந்தேகம் கார் நிற்கும் இடத்தின் மேல்தான். பாரம் பின்னால் போனால் டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கி மேலே தூக்கப்படும், வால் ஆடும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு: டிரெய்லரும் காருமாக 2,000 கிலோ என்றால் 200 முதல் 300 கிலோ. இன்ஜின் முன்னால் இருக்கும் காரை முகம் முன்னோக்கி ஏற்றி, சாண் சாணாக நகர்த்திப் பாருங்கள். ஆனால் இழுக்கும் வண்டியின் கையேட்டில் கொக்கிக்கு என்று ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். அது இந்தக் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் செல்லும். ஓடும்போது ஆட ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.