வாசகர் கேள்வி: ரோட்டுக் குழிக்கு கண்ட்ரோல் சார்ட்

கேள்வி: அண்ணே, எங்க தோட்ட ரோட்டுல குழி அடைக்க அடைக்க திரும்ப வருது. ஃபேக்டரில நாங்க போடுற கண்ட்ரோல் சார்ட்டை வச்சு காரணம் கண்டுபிடிக்க முடியுமா? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமா போடலாம் தங்கச்சி. கண்ட்ரோல் சார்ட்னா, எண்ணிக்கைய வரிசையா புள்ளி வச்சு, மேலயும் கீழயும் எல்லைக்கோடு போட்டு, இது வழக்கமான ஏற்ற இறக்கமா இல்ல புதுசா ஏதோ நடந்துச்சான்னு பிரிச்சுக் காட்டுற படம். 1924ல வால்டர் ஷூஹார்ட்ங்கிற அமெரிக்க இன்ஜினியர் டெலிபோன் சாமான் தரம் பார்க்க வரைஞ்ச சார்ட்தான், ரோட்டுக்கும் ஒத்து வரும். ஒரே தூரத்தை எடுத்துக்கிட்டு வாராவாரம் புதுக்குழிய மட்டும் எண்ணுங்க, பழசை சேர்த்தா கணக்கே கெட்டுடும். சராசரி 9னு வைங்க, அதோட வர்க்கமூலம் 3, அதை மூணு மடங்காக்கி சராசரியோட கூட்டினா மேல் எல்லை 18, கழிச்சா கீழ் எல்லை 0.

ஒரு வாரம் 25 வந்துச்சுன்னா அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு தேடணும், பைப் வெடிச்சுதா, வேற ரோட்டை மூடி லோரியெல்லாம் இந்தப் பக்கம் விட்டாங்களான்னு. ஆனா எல்லா வாரமும் எல்லைக்குள்ளயே இருந்தா, அதான் எனக்கு ரொம்ப கவலை, ஏன்னா காரணம் ரோட்டுலயே ஊறிக் கிடக்குனு அர்த்தம்: லோங்காங் (ரோட்டோர வடிகால்) அடைச்சு தண்ணி விரிசல்ல இறங்குது, அடிமண்ணு இளகுது, மேல செம்பனைக்குலை லோரி பாரத்தோட ஏறுது, தார் பிஞ்சு போகுது. அப்ப அடைச்சுக்கிட்டே இருந்து பிரயோஜனமில்ல, முதல்ல தண்ணிக்கு வழி விடணும்.

சார்ட் எப்பன்னுதான் காட்டும், ஏன்னு சொல்லாது. அதனால பக்கத்துலயே மழை, லோரி ஓட்டம் ரெண்டையும் எழுதி வைங்க, முக்கியமா அக்டோபர் நவம்பர்ல. மோட்டர்சைக்கிள்ல பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற ரோடு, அந்தத் தாளோட போய் கவுன்சில்ல கேளுங்க.