ஃபேன் ஆடினால் டர்போ போச்சா?

கேள்வி: ஈரோட்டில் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறேன். 1,80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பினால் நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது. மெக்கானிக் டர்போ ஃபேனை விரலால் ஆட்டிக் காட்டி, "டர்போ போச்சு. தெரிந்தவரிடம் இம்போர்ட்டட் ரீகண்டிஷன் இருக்கு. பழையதைக் கொடுத்துட்டு மாட்டிக்கலாம், 6 மாசம் கேரண்டி" என்கிறார். மாற்றிவிடலாமா, என் டர்போவையே பிரித்து, பேரிங் மாற்றிக் கட்டிக்கொள்ளலாமா?

பதில்: கட்ட வேண்டியிருந்தால் உங்களுடையதையே கட்டுங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் கட்டத்தான் வேண்டுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

ஃபேன் ஆடுவதைக் காட்டிப் பயமுறுத்துவது பழைய வித்தை. டர்போ என்பது, எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஃபேன். அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. பேரிங்குக்கும் அதற்கும் நடுவே ஆயில் படலம்தான் தாங்குகிறது. எஞ்சினை நிறுத்தியிருக்கும்போது அந்தப் படலம் இருக்காது, அதனால் பக்கவாட்டில் லேசாக ஆடத்தான் செய்யும். புது டர்போவும் ஆடும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு பக்கமாகத் தள்ளிச் சுற்றும்போது ஃபேன் இறக்கை சுவரில் உரசுகிறதா? ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கே அசைவு தெரிகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் டர்போ தேய்ந்துவிட்டது, சந்தேகமில்லை.

இரண்டும் இல்லாமல் புகை மட்டும் என்றால், டர்போவைக் கழற்றும் முன் மற்ற இடங்களைப் பாருங்கள். டர்போவுக்குள் ஆயிலைத் தடுப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய வளையம். அது ஆயிலை அணை கட்டி நிறுத்தாது. வந்த ஆயில் தன் எடையிலேயே கீழே சம்புக்கு (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கிப் போக வேண்டும். இறங்கும் பைப்பில் கரி அடைத்திருந்தாலோ, எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறியிருந்தாலோ ஆயில் போக வழியில்லாமல் வளையத்தைத் தாண்டிக் கசியும். அப்போது புது டர்போ மாட்டினாலும் புகைதான். இந்த 1.8 டர்போ எஞ்சினில் பிரீதர் ஹோஸ்கள் (எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் குழாய்கள்) வயதானால் மெத்தென்று ஊறி, வெடித்து, உள்ளே அமுங்கிவிடும். அந்த ஹோஸ்களையும் பிரீதர் வால்வையும் மாற்றும் செலவு, டர்போ செலவுக்குப் பக்கத்திலேயே வராது. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வந்தால் சரி. புஸ்ஸென்று தள்ளினால் பிரீதர் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரிங் போயிருந்தால் டர்போவில் போடும் காசு வீண். சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று காட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். இன்னொன்று, திம்பம் மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்த உடனே குப்பென்று நீலமாக வந்தால் பெரும்பாலும் அது எஞ்சின் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல், டர்போ அல்ல.

சரி, தேய்ந்தே விட்டது என்று வையுங்கள். "இம்போர்ட்டட் ரீகண்டிஷன்" என்று வருவது பல நேரம், யாரோ கழற்றிப் போட்ட ஹவுசிங்கில் (டர்போவின் வெளிக்கூடு) மலிவான கோர் (ஷாஃப்ட், பேரிங், ஃபேன் சேர்ந்த நடுப்பகுதி) ஒன்றை மாட்டி, வெள்ளி பெயின்ட் அடித்ததுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. உங்கள் ஒரிஜினல் ஹவுசிங்கை அவர் இன்னொருவருக்கு விற்பார். நடுவில் மெக்கானிக்குக்குக் கமிஷன். சர்வீஸ் சென்டருக்குப் போனால் பேரிங் கிட் என்று தனியாக ஒன்று உலகத்திலேயே இல்லாதது போலப் பேசி, முழு அசெம்பிளிக்கு எஸ்டிமேட் நீட்டுவார்கள். இந்தப் பக்கம், டர்போ கட்ட ஒரு தகுதியும் வேண்டாம், போர்டு மாட்டினால் போதும். ஆர்சி புதுப்பிக்கும்போது பழைய வண்டி என்று நம்மிடம் கட்டணம் கறக்கத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்க நேரமில்லை.

அதனால் நீங்களே கவனியுங்கள். கொடுக்கும் முன் ஹவுசிங்குகளில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள், பெயர்த்தகட்டைப் போட்டோ எடுங்கள். வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) ராடின் நட் இருக்கும் இடத்தையும் பெயின்ட்டால் குறியுங்கள். "பிக்கப் கூட்டித் தர்றேன்" என்று அதைத் திருகிவிடும் புண்ணியவான்கள் உண்டு. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோரை முழுசாகச் சேர்த்தபின், ஆயில் கொடுத்து அதிவேக பேலன்சிங் மெஷினில் ஓட்டுவீர்களா, கிராஃப் பிரிண்ட் தருவீர்களா? "பேலன்ஸ் எல்லாம் பக்கா சார்" என்பது பதில் இல்லை. டர்பைன் ஹவுசிங்கில், அதாவது சூடான புகை போகும் பக்கத்துக் கூட்டில், வேஸ்ட்கேட் துளையோரம் முடி போன்ற விரிசல் சகஜம். வெளிச்சுவர் வரை ஓடியிருந்தால் ஹவுசிங்கை மாற்றத்தான் வேண்டும்.

போன வருடம் திருப்பூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. 8 மாதத்தில் மூன்றாவது டர்போ. மூன்று தடவையும் டர்போவை மாற்றினார்கள், அதற்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பை யாரும் மாற்றவில்லை. அறுத்துப் பார்த்தேன், உள்ளே கரி படிந்து பால்பாயின்ட் ரீஃபில் நுழையும் அளவுக்குத்தான் துளை. அந்தப் பைப், அதன் போல்ட், கேஸ்கெட்டுகள் புதிது போடுங்கள். சம்பைக் கழற்றி ஆயில் ஸ்ட்ரெய்னரை (ஆயில் உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடை) சுத்தம் செய்யுங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய பழைய ஆயிலையும் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டிய டர்போதான் புகைகிறது என்று திரும்ப சண்டைக்குப் போவீர்கள். ஆயில் வழியில் சிலிகான் பேஸ்ட் கூடவே கூடாது. மாட்டியதும் டர்போவுக்குள் ஆயில் ஊற்றி, வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃப் அடித்த பிறகுதான் ஸ்டார்ட்.

அந்த 6 மாத கேரண்டி? கார்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். "ஆயில் குறைபாட்டால் வரும் பழுதுக்குப் பொறுப்பல்ல" என்று எழுதியிருக்கும்; டர்போ பெரும்பாலும் போவதே அதனால்தான்.