வாங்கினேன், மாட்டினேன், தப்பாகக் காட்டுகிறது

கேள்வி: 14,000 ரூபாய்க்கு வீட்டு வானிலைக் கருவி வாங்கி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினேன். நேற்று மதியம் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். என் கருவியில் 38 டிகிரி, 45 சதவீதம். திருப்பி அனுப்பிவிடலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். திரையில் வரும் ஈரப்பதம் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்ற கணக்கு மட்டும் இல்லை. அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு நீராவி தாங்குமோ, அதில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே அந்த எண். வெப்பம் ஏறினால் தாங்கும் அளவும் ஏறும். துளி ஈரம் குறையாமலே சதவீதம் இறங்கிவிடும். 33 டிகிரியில் 60 சதவீதம் உள்ள காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 45தான் வரும். உங்கள் சென்சார் அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. சுடுவது சுவர்.

இனி ஒப்பிடும்போது பனிநிலையைப் பாருங்கள், திரையில் டியூ பாயின்ட் என்று இருக்கும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் நீர் துளிர்க்கத் தொடங்குமோ, அதுதான் பனிநிலை. காற்றைச் சூடாக்கினாலும் ஈரம் மாறாதவரை அது மாறாது. நேற்றைய கணக்கில் இரண்டு இடத்திலும் அது 24 டிகிரியை ஒட்டியே வருகிறது. பனிநிலை ஒத்துப்போய் சதவீதம் மட்டும் விலகினால் கோளாறு இடத்தில்தான்.

வீட்டைச் சுற்றி மண்தரை இருந்தால் கருவியைக் கீழே இறக்குங்கள். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் 2 மீட்டர் உயரம், சுவரை விட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு. மாடிதான் கதி என்றால், குழாய் நட்டு ஆள் உயரத்துக்குத் தூக்குங்கள். தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளி யூனிட், துணி காயும் கொடி மூன்றும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கேள்வி: குளியலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கிறேன். காலையில் எப்போதும் 95 சதவீதம். மட்டமான கருவியா?

பதில்: இல்லை. இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: கையேட்டில் 'வடக்குச் சுவரில், நிழலில் மாட்டவும்' என்று இருக்கிறது. அப்படியே செய்தேன். மே மாதம் முழுக்கத் தாறுமாறாகக் காட்டியது. (மதுரை வாசகர்)

பதில்: இதைப் பற்றி எழுத எனக்குப் பல நாள் ஆதங்கம். அந்தக் கையேடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தெற்கே நிற்கும், வடக்குச் சுவரில் நிழல் நிலைக்கும். மதுரை 10 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் உங்களுக்கு வடக்கே வந்துவிடும். கையேட்டை நம்பியவர் சுடும் சுவரில் கருவியை மாட்டியிருப்பார். இங்கே விற்க வந்தவர்கள் பெட்டியில் விலைச்சீட்டை மாற்றுகிறார்கள், உள்ளே இருக்கும் தாளை மாற்றுவதில்லை. இது பொறுப்பில்லாத வியாபாரம்.

நானும் இதில் பணம் இழந்தவன். 3,200 ரூபாய்க்குக் கறுப்பு பிளாஸ்டிக் சென்சார் ஒன்று வாங்கி வடக்குச் சுவரில் மாட்டினேன். கோடையில் தப்பாகக் காட்டியதும் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, அதே பணத்துக்கு இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே தப்பு. கடைக்காரர் இரண்டு முறையும் வெயில் தடுப்புக் கூடு பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தக் கூடுதான் முக்கியம். வானிலை நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், பக்கமெல்லாம் சாய்ந்த சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. வெயிலும் மழையும் உள்ளே போகாது, காற்று தடையில்லாமல் போய்வரும். வீட்டுக்கு அதன் சின்ன வடிவம் தட்டுத் தட்டாக அடுக்கி விற்கிறது. நான் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைத் தட்டுகளை நடுவில் வெட்டி, நீள போல்ட்டில் இடைவெளி விட்டுக் கோத்தேன். அதற்குள் வைத்ததும் 'கெட்டுப்போன' இரண்டு சென்சாரும் ஒழுங்காகக் காட்டின. கூடு இல்லாத கருவியை வெளியில் மாட்ட வாங்காதீர்கள்.

கேள்வி: 1,000 ரூபாய்க்குள் மழை, காற்று, ஈரப்பதம் மூன்றும் துல்லியமாகக் காட்டும் கருவி சொல்லுங்கள்.

பதில்: அந்த விலைக்குக் கிடையாது.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் கருவியில், வெளி சென்சார் திரைக்குத் தகவல் அனுப்பும் அலைவரிசை 915 மெகாஹெர்ட்ஸ். இங்கே வேலை செய்யுமா?

பதில்: கொண்டுவர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். 915-ஐ ஒட்டி நம் ஊரில் செல்போன் அலைவரிசை இருக்கிறது, உரிமமில்லாமல் அங்கே ஒலிபரப்பக் கூடாது. 865 முதல் 868-க்குள் இயங்குவதை இங்கேயே வாங்குங்கள். வாங்கும் முன் பெட்டியைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் வாங்கிவிட்டு எழுதுகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள்.

கேள்வி: சிப்பிக் காளான் வளர்க்கிறேன். 'இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழை வராது' என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்து, சான்றிதழோடு 9,500 ரூபாய்க்குக் கருவி விற்றார்கள். அதில் ஈரப்பதம் 70-ஐத் தாண்டவே இல்லை. ஈரம் போதவில்லை என்று தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காளான் பைகள் அழுகிவிட்டன. 'உங்கள் கொட்டகைதான் சரியில்லை' என்கிறார்கள். (பொள்ளாச்சிப் பக்கம், பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை என்றே எனக்குப் படுகிறது. அதை நிரூபிக்கவும் வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டு தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத அறையில் ஒரு நாள் விடுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், இது உப்பின் இயல்பு. கருவி 58, 60 என்று காட்டினால் பொய் அவர்களுடையது. வைப்பதிலிருந்து எடுப்பதுவரை வீடியோ எடுங்கள். சான்றிதழ் கொடுத்த ஆய்வகத்தின் பெயர், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். பணம் திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். அழுகிய பைகளுக்கும் இழப்பீடு கேளுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள், ரசீதோடு சேர்த்துப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கே எழுதுங்கள், சேர்ந்து எழுதலாம்.