பட்டமளிப்பு பார்ட்டிக்கு டேபிள் அலங்காரம்: கார்டுல 18,000 போடலாமா?

கேள்வி: சார், நான் மதுரை. பொண்ணு பி.இ. முடிச்சுட்டா, சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ்னு 60 பேரை கூப்பிட்டு சின்ன ஹால்ல ஒரு பார்ட்டி வைக்கலாம்னு இருக்கோம். டெக்கரேஷன்காரர் டேபிளுக்கு 1,800 வீதம் 10 டேபிளுக்கு 18,000 கேக்குறார். கிரெடிட் கார்டுல 6 மாச இஎம்ஐ போட்டுக்கலாமா, இல்ல யூடியூப் பாத்து வீட்லயே செஞ்சுரலாமா? கல்விக்கடன் நாலரை லட்சம் இருக்கு, இன்னும் கட்ட ஆரம்பிக்கல.

பதில்: அக்கா, முதல்ல பாப்பாவுக்கு வாழ்த்துகள். வீட்லயே செய்ங்க, கார்டை பீரோலயே வைங்க.

18,000-ஐ 6 மாச இஎம்ஐ போட்டா, வட்டி 16%னு வச்சுக்கிட்டாலே 850 ரூபா வட்டி, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, ப்ராசஸிங் ஃபீஸ் ஒரு 200, அதுக்கும் ஜிஎஸ்டின்னு மொத்தம் 1,250 கிட்ட வந்துரும். இஎம்ஐயா மாத்தாம மினிமம் ட்யூ (அந்த மாசம் கட்டியே ஆகவேண்டிய கொறஞ்ச தொகை) மட்டும் கட்டிட்டு போனீங்கன்னா இன்னும் மோசம், நெறைய கார்டுல மாசத்துக்கே மூணரை பெர்சென்ட் கிட்ட வட்டி புடிப்பாங்க. மூணு மணி நேரத்துல வாடிப்போற பூவுக்கு ஆறு மாசம் தவணை கட்டணுமா சொல்லுங்க.

ஆனா வீட்ல செய்றதுலயும் ஒரு குழி இருக்கு, அதுல நானே விழுந்திருக்கேன். என் பையன் பார்ட்டிக்கு "நாமளே செய்வோம்"னு ஆரம்பிச்சு, க்ளூ கன், மினுமினு பேப்பர், கண்ணாடி வேஸ் 24 (அதுக்கு கம்மியா பேக் இல்லையாம்) எல்லாம் ஆன்லைன்ல வாங்கி, கடைசில கணக்கு பாத்தா டெக்கரேஷன்காரர் கேட்டதை விட 700 ரூபா அதிகம். 11 வேஸ் இன்னும் பரண்ல தூசி படிஞ்சு கிடக்கு. அதனால ஒரு கவர்ல 3,000 ரூபா ரொக்கமா போட்டு வைங்க, அது தீந்தா அலங்காரம் முடிஞ்சது, அவ்ளோதான்.

பாட்டில் காசு குடுத்து வாங்காதீங்க. ஜாம், ஊறுகாய், ஹார்லிக்ஸ் பாட்டில்னு அக்கம்பக்கத்துல கேட்டா ஒரே வாரத்துல 30 சேந்துரும், டேபிளுக்கு மூணு. வெந்நீர்ல சோப்புத்தூள் போட்டு ஊற வச்சா லேபிள் வந்துரும், மிச்சம் ஒட்டுற பசைய தேங்காய் எண்ணெய் தடவி துணியால தேய்ங்க. கழுத்துல சணல் கயிறு சுத்துங்க.

அப்புறம் பட்டமளிப்பு தொப்பி. கறுப்பு சார்ட் ரெண்டு போதும், 20 தொப்பி வரும். 10 செ.மீ. சதுரம் ஒண்ணு, 4 செ.மீ. அகலத்துல 22 செ.மீ. நீளப் பட்டை ஒண்ணு, பட்டைய வளையமா ஒட்டி அது மேல சதுரத்த ஒட்டி நடுவுல மஞ்சள் நூல் குஞ்சம் தொங்க விடணும். ஃபெவிகால் போதும், காயுற வரைக்கும் மேல ஒரு புஸ்தகத்த வச்சுருங்க. ஒரு விஷயம், ஹால்ல ஃபேன் போட்டதும் தொப்பி எல்லாம் பறந்து சாம்பார்ல போய் உக்காரும், டேபிளோட டேப் போட்டுருங்க.

பூவுக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட் விடிகாலைல போங்க. மல்லி பக்கம் திரும்பாதீங்க, செண்டுமல்லி ரெண்டரை கிலோ போதும், தண்ணி இல்லாமலே சாயங்காலம் வரைக்கும் நிக்கும். உதிரிப்பூவுக்கு காம்பு இருக்காதுங்கிறதால பாட்டில்ல சொருக முடியாது, தட்டுல தண்ணி ஊத்தி மிதக்க விடுங்க, பாட்டில்ல குரோட்டன்ஸ் கிளை வைங்க. வேப்பிலை மட்டும் வேணாம், கூழ் ஊத்துற மாதிரி ஆயிரும். தேதிய முகூர்த்த நாள்ல வைக்காதீங்க, பூ மட்டுமில்ல ஹால் வாடகையும் ஏறிரும்.

சார்ட், நூல், ரிப்பன், பசை, கயிறு எல்லாம் 350க்குள்ள, பூ 300, டேபிள்ல வைக்க பாப்பாவோட பழைய போட்டோ 30 பிரிண்ட் 360, ஆக ஆயிரம் கிட்டதான். மிச்ச ரெண்டாயிரம் ஆட்டோவுக்கும், மறந்து போறதுக்கும், ராத்திரி உக்காந்து தொப்பி ஒட்டுற பசங்களுக்கு பரோட்டாவுக்கும்.

இப்ப மிச்சமாகுற 15,000-க்கு வருவோம், நீங்க கேக்கல ஆனா எனக்கு முக்கியமா பட்டது இதான். கல்விக்கடனுக்கு பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கேக்க மாட்டாங்க, ஆனா வட்டி ஓடிட்டுதான் இருக்கும், அப்புறம் அதை அசலோட சேத்துதான் இஎம்ஐ போடுவாங்க. 10.5%னு வச்சா நாலரை லட்சத்துக்கு மாசம் 3,900 சொச்சம். அந்த 15,000-ஐ இப்பவே லோன் கணக்குல கட்டுனீங்கன்னா கிட்டத்தட்ட நாலு மாச வட்டி அசல்ல ஏறாது. கட்டும்போது வட்டிக்குன்னு சொல்லி ரசீது வாங்கிக்கோங்க, பழைய வரி முறைல இருந்தா வரி போடுற வருமானத்துல கழிச்சுக்கலாம்.

ஆங், அந்த 30 போட்டோவ (ஒண்ணாங்கிளாஸ் யூனிஃபார்ம்ல இருந்து கல்லூரி ஐடி கார்டு வரைக்கும், டேபிளுக்கு மூணு) ஜெராக்ஸ் கடைல கலர் பிரிண்ட் எடுக்காதீங்க, தட்டு தண்ணி பட்டா சில பிரிண்ட்ல மை இழுவிரும். ஸ்டூடியோல 4க்கு 6 சைஸ்ல போடச் சொல்லுங்க.