ஐந்து விநாடி

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதிமூன்று வயது. சென்ற ஆண்டு 800 மீட்டரை 2 நிமிடம் 17 விநாடியில் ஓடினாள். இந்த ஆண்டு பயிற்சியைக் கூட்டியும் 2:22-க்குக் கீழே வரவில்லை. இதற்கிடையே மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டாள். அவளுடைய ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் நோட்டில் குறித்து வருகிறேன், காரணம் பிடிபடவில்லை. பயிற்சியை இன்னும் கூட்டுவதா, பயிற்சியாளரை மாற்றுவதா? நீங்களும் ஓட்டக்காரரின் தந்தை என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த மூன்று அங்குலம்தான் பெரும்பாலும் விடை. வேகமாக வளரும் வயதில் எலும்பு முந்திக்கொண்டு நீள்கிறது, தசையும் தசைநாணும் பிறகே வந்து சேர்கின்றன. சென்ற ஆண்டு பழகிய காலடி இந்த ஆண்டின் காலுக்குப் பொருந்துவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இதே பருவத்தில் உடலமைப்பும் எடையும் மாறுவதால், நேரம் ஓரிரு ஆண்டுகள் தேங்குவதும் சற்றுப் பின்னடைவதும் இயல்பே. அந்த ஐந்து விநாடியைக் கூடுதல் பயிற்சியால் துரத்தினால், முழங்காலுக்குக் கீழே தசைநாண் எலும்பைப் பற்றும் இடத்திலோ குதிகாலிலோதான் முதலில் வலி தொடங்கும்.

800 மீட்டருக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகவே கிடைக்கிறது. அந்தத் திறன் நிதானமான ஓட்டத்தால் ஆண்டுக்கணக்கில் சேர்வது. இடையிடையே சிறிது ஓய்வு விட்டு வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடும், மூச்சு முட்டும் இன்டர்வெல் பயிற்சியோ சில வாரங்களிலேயே பலன் காட்டிவிடும். பெற்றோருக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

எனக்கும் பிடித்திருந்தது. என் மகன் ஓடிய காலத்தில், 600 மீட்டர் கடக்கும் வளைவில் ஸ்டாப்வாட்சோடு நின்று நேரத்தைக் கத்திச் சொல்வேன். கால்கள் கனக்கத் தொடங்கி, முன்னே போகிறவனை விடுவதா பிடிப்பதா என்று ஓடுகிறவன் தீர்மானிக்க வேண்டிய இடம் அது. பல ஆண்டுகள் கழித்து அவன் சொன்னான்: "அந்த இடத்தில் பின்னால் வருகிறவனின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்ப்பா. எனக்கு உங்கள் குரல்தான் கேட்கும்."

அந்நாளில் யாராவது என்னைக் கண்டித்தால் பிரிட்டன் ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோ என்பவரை எடுத்துக்காட்டுவேன். அவருக்குப் பயிற்சியளித்தவர் அவருடைய தந்தை பீட்டர் கோ தானே. 1980, 1984 ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் மகனுக்குக் கிடைத்ததே என்பேன். பொறியாளரான பீட்டர் கோ இந்த விளையாட்டைத் தானே ஊன்றிக் கற்றுத் தேர்ந்த பயிற்சியாளர் என்பதையும், என்னிடம் இருந்தது ஒரு ஸ்டாப்வாட்ச் மட்டுமே என்பதையும் வசதியாக மறந்துவிடுவேன். இப்போது என் நினைவுக்கு அதிகம் வருபவர் கெல்லி ஹோம்ஸ். சிறுமியாக இருந்தபோதே இங்கிலாந்தின் பள்ளிப் போட்டியில் 1500 மீட்டரை வென்றவர், பிறகு ராணுவத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் தடகளத்தை விட்டு விலகியே இருந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800, 1500 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 34.

பயிற்சியாளரை மாற்றும் கேள்விக்கு வருகிறேன். நேரம் தேங்கியதற்காக மாற்ற வேண்டாம். வளரும் பிள்ளைக்குப் பயிற்சியைக் குறைக்கத் தெரிந்தவரா என்று மட்டும் பாருங்கள். ஆனால், "எடையைக் குறைத்தால் வேகம் கூடும்" என்று உங்கள் மகளிடம் அவர் ஒருமுறை சொன்னாலும் அன்றே மாற்றிவிடுங்கள். ஓடுவதற்கும் வளர்வதற்கும் சேர்த்துப் போதிய உணவில்லாத உடலில் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பில் நுண்விரிசல் விழும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப்பெயர் கொடுத்து எச்சரித்திருக்கிறது. காரணமில்லாத சோர்வு தெரிந்தால் மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். உணவு, உறக்கம், மருத்துவர் ஆகிய மூன்றும் உங்கள் பொறுப்பு. சுற்று நேரம் பயிற்சியாளருடையது.

நோட்டை அவளிடமே கொடுத்துவிடலாம். அவளுக்கு வேண்டுமென்றால் எழுதட்டும், எழுதாமலும் விடட்டும். உங்கள் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். அவள் சொன்னதாக அதில் ஒரு வரிகூட இல்லை. கடைசி 200 மீட்டரில் இப்போது எப்படி இருக்கிறது என்று, கடிகாரம் கையில் இல்லாத ஒரு மாலையில் கேட்டு, அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்