கணப்புச் சாம்பலும் ஹலிபாக்ஸ் மண்ணும்

தம்பி, சென்ற இலையுதிர் காலத்தில் வவுனியாவிலிருந்து கனடாவின் ஹலிபாக்ஸுக்கு வந்ததாகவும், குளிர்காலம் முழுவதும் கணப்பில் விறகு எரித்ததில் இரண்டு வாளி சாம்பல் சேர்ந்துவிட்டதாகவும், ஊரில் அம்மா கத்தரிக்கும் பாகலுக்கும் தூவியதைப் போல அதைப் பின்வளவுத் தோட்டத்தில் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் அம்மா தூவியதற்குக் காரணம் வேறு. அங்கே நீங்கள் போடவேண்டியதற்குக் காரணம் வேறு.

ஊரில் சாம்பலை இலையின் மேல் தூவுவது பெரும்பாலும் வண்டுக்காக. ஹலிபாக்ஸில் அதன் வேலை மண்ணுக்குள். அந்த நகரம் கருங்கல்லின் மேலும் பலகைக்கல்லின் மேலும் இருக்கிறது, மழையும் அதிகம், ஆகவே மண்ணில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய், மண் இயல்பாகவே புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருக்கும். ஹலிபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் காட்டு புளூபெரி செழிப்பதும், மற்றப் பயிர் செய்வோர் வயலுக்குச் சுண்ணாம்புத் தூள் போடுவதும் அதனால்தான். விறகுச் சாம்பலில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்று. அதோடு பொட்டாசியமும் சிறிதளவு பொஸ்பரசும் உண்டு. தழைச்சத்தான நைதரசன் முழுவதும் புகையாகப் போய்விடுவதால், சாம்பலை எருவுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். (கனடாவில் காடு வெட்டிக் குடியேறிய பழையவர்கள், மரச்சாம்பலைக் கரைத்து வற்றக் காய்ச்சி, பொட்டாஷ் என்று விற்றே கையில் முதற் காசைக் கண்டார்கள், பொட்டாசியம் என்ற பெயரே அந்தச் சாம்பல் பானையிலிருந்து வந்ததுதான்.)

அளவைப் பொறுத்தவரை, சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 50 முதல் 70 கிராம் போதும். பத்துச் சதுர மீற்றர் பாத்திக்கு 700 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றால், இரண்டு வாளியில் பெரும்பகுதி மிஞ்சிவிடும் என்பதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். மிஞ்சுகிறதே என்று கொட்டித் தீர்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. பனி உருகி மண் உலர்ந்த பின், விதைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், காற்றில்லாத நாளில் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சலித்த சாம்பலைத் தூவிக் கொத்திவிடுங்கள். முளைவிட்ட நாற்றின் மேல் பட்டால் கருகிவிடும். யூரியாவோடோ புதிய சாணத்தோடோ சேர்த்துப் போட்டால், நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். கோவா, கேல், பீட்ரூட், வெங்காயம் ஆகியவற்றுக்கு இது நன்மை. உருளைக்கிழங்குப் பாத்தியில் போட்டால் கிழங்கின் தோலில் சொறி பிடிக்கும். புளூபெரிச் செடியின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

எந்தச் சாம்பல் என்பதும் முக்கியம். மேப்பிள், பேர்ச் போன்ற வெறும் விறகின் சாம்பல் மட்டுமே தோட்டத்துக்கு ஆகும். நிலக்கரி, வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, மெழுகு சேர்த்த கடைக் கட்டை ஆகியவற்றின் சாம்பல் ஆகாது. 2004க்கு முன் கட்டிய பழைய மரத்தளங்களின் பலகையில் ஆர்செனிக் என்ற நஞ்சு ஏற்றியிருக்கக்கூடும் என்பதால், அதை எரிக்கவே கூடாது. சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில், மழை படாமல், வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். நனைந்தால் பொட்டாசியம் கரைந்து ஓடிவிடும். என் முதற் குளிர்காலத்தில், ஆறிவிட்டது என்று நம்பிப் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி மரத்தளத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் வாளியின் அடி உருகி, பலகையில் கைப்பிடி அகலத்துக்குக் கருகியிருந்தது. சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும். ஹலிபாக்ஸில் ஒன்பது ஆண்டுகள் சாம்பலால் நல்ல விளைச்சல் கண்ட நான், ஒன்ராறியோ மாகாணத்தின் மார்க்கம் நகருக்கு வீடு மாறிய முதல் வசந்தத்திலும் அதே பழக்கத்தில் தாராளமாகத் தூவினேன். தெற்கு ஒன்ராறியோ மண் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தது. ஏற்கெனவே காரத்தன்மை உடையது. அந்த ஆடியில் போஞ்சி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாயின. மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாத நிலை அது. பரிசோதித்தபோது, மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஎச் எண் (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 7.9 என்று வந்தது. கூடிய காரத்தைக் குறைப்பது, குறைந்ததைக் கூட்டுவதைப்போல எளிதன்று. இப்போது என் கணப்புச் சாம்பல் பனி உறைந்த வாசற்படியில் வழுக்காமல் இருப்பதற்கு மட்டுமே.

ஆகவே, தூவுவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். ட்ரூரோவுக்கு அருகே பைபிள் ஹில்லில் மாகாண வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. தோட்டத்தின் பல இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, கலந்து அனுப்பினால் போதும். பிஎச் 6.5க்கு மேல் இருந்தால், இந்த ஆண்டு சாம்பலைத் தொட வேண்டாம். 6க்குக் கீழே இருந்தால் தயங்காமல் மேற்சொன்ன அளவைப் போடுங்கள். முடிவு வந்ததும் அந்த எண்ணையும் பாத்தியின் நீள அகலத்தையும் எழுதுங்கள், எத்தனை கிராம் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.